நாமக்கல் வெயிலும் நாலு டயரும்

முதல்லயே சொல்லிடறேன், என்கிட்ட இருக்கறது ஃபெராரி எல்லாம் இல்லீங்க. 2014 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 105 குதிரை சக்தி, ஏழு கியர் டிஎஸ்ஜி. இதை ஸ்போர்ட்ஸ் கார்னு சொன்னா ஐரோப்பாக்காரன் சிரிப்பான். தினமும் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் போய்வர்ற எனக்கு இதுதான் ஸ்போர்ட்ஸ் கார் :) போலோ தயாரிப்பை இந்தியாவுல 2022லயே நிறுத்திட்டாங்க. அதனால இருக்கறதைப் பொத்திப் பொத்தி ஓட்டணும்.

போன மாசம் முன்பக்க டயர் ரெண்டும் பட்டன் தேய்ஞ்சு, பள்ளத்துக்குள்ள இருக்கற அந்தச் சின்ன ரப்பர் மேட்டுக்குச் சமமா வந்துடுச்சு. அந்த மேட்டோட உயரம் 1.6 மி.மீ. அதுவரைக்கும் தேய்ஞ்சா டயர் ஆயுசு முடிஞ்சதுன்னு அர்த்தம். பின்பக்கம் இன்னும் பாதி உயிர் இருந்தது. ஆனா நாலுமே ஆறு வருஷத்து டயர்.

வெளிநாட்டுல 'சம்மர் டயர்', 'விண்டர் டயர்'னு ரெண்டு செட் வச்சுக்கறாங்க. 7 டிகிரிக்குக் கீழ போனா சம்மர் டயரோட ரப்பர் விறைச்சுப் பிடிப்பு குறைஞ்சிடும். நம்ம ஊர்ல மார்கழிப் பனியிலகூட 7 டிகிரி வராது. ஆக நம்ம கடையில தொங்கற அத்தனையும் சம்மர் டயர்தான், பேரு மட்டும் போடறதில்லை. அதுக்கு ரெண்டு பரீட்சை இருக்கு. ஒண்ணு, சித்திரை வெயில்ல கொதிக்கற தார்ரோடு. இன்னொண்ணுதான் மோசம்: கோடை மழை. மாசக்கணக்கா ரோட்டுல படிஞ்ச எண்ணெயும் தூசியும் முதல் பத்து நிமிஷத் தூறல்ல சோப்புத் தண்ணி மாதிரி ஆயிடும்.

டயருக்கு யோசனை கேக்க நாமக்கல்ல ஆளுக்கா பஞ்சம்? வீட்டுக்கு ஒரு லாரிக்காரர். எங்க சித்தப்பா முப்பது வருஷமா லாரி வச்சிருக்கறவர். இரும்புக் கம்பியால டயரைத் தட்டி, சத்தத்தை வச்சே காத்து எப்படி இருக்குன்னு சொல்லிடுவார்.

"ஏங்கண்ணு, நாலு எதுக்கு? ரெண்டு வாங்கி முன்னால போட்டுக்க. பின்னால இருக்கறது இன்னும் ஓடுமே."

லாரியில அதுதான் வழக்கம். முன்னாடி புதுசு, பின்னாடி ரீட்ரெட். முன்னாடி ஒரு பக்கத்துக்கு ஒரே டயர், வெடிச்சா ஸ்டியரிங் கையில நிக்காது. பின்னாடி ஜோடி டயர், ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும். காருல கதை வேற. ரெண்டுதான் வாங்கறீங்கன்னா அதைப் பின்னால போடச் சொல்லித்தான் டயர் கம்பெனிகளே சொல்றாங்க, முன்சக்கரம் இழுக்கற காரா இருந்தாலும். தண்ணியில முன்பக்கம் வழுக்கினா கார் நேரா போகும். ஆக்சிலேட்டரை விட்டா வேகம் குறைஞ்சு பிடி திரும்ப கிடைக்கும். பின்பக்கம் வழுக்கினா கார் பம்பரம். நான் இதைச் சொன்னதும் சித்தப்பா கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிட்டு, "அப்ப நாலையும் மாத்திரு, வம்பே இல்ல"ன்னுட்டார்.

அடுத்த சண்டை கிலோமீட்டர் கணக்குல. கெட்டியான ரப்பர் அதிகம் ஓடும், பிடிப்பு கம்மி. மெத்துனு இருந்தா பிடிக்கும், சீக்கிரம் தேயும். சில டயரோட பக்கவாட்டுல டிரெட்வேர்னு ஒரு நம்பர் இருக்கும், அது கூடக்கூட மெதுவா தேயும்னு அர்த்தம். ஒவ்வொரு கம்பெனியும் தானே சோதிச்சுப் போட்டுக்கற நம்பர்ங்கறதால, கம்பெனி விட்டு கம்பெனி ஒப்பிட்டா ஏமாந்துடுவோம். பக்கத்துலயே ஈரப்பிடிப்புக்கும் வெப்பம் தாங்கறதுக்கும் தனித்தனி எழுத்து இருக்கும். வெப்பத்துக்கு 'ஏ' இருக்கற டயரா பாத்தேன், நம்ம வெயிலுக்கு அதுல சமரசம் வேண்டாம்னு. லாரிக்கு கிலோமீட்டருக்கு எத்தனை பைசாங்கற கணக்கு நியாயம். எனக்கு ஆண்டகளூர் கேட் பக்கம் சர்வீஸ் ரோட்டுலேர்ந்து பைக் ஒண்ணு திடீர்னு ஏறினா, ஈர ரோட்டுல எத்தனை அடியில நிக்கும்ங்கறதுதான் கணக்கு. பின்சீட்டுல பொண்ணு உக்காந்து வர்றா. பத்தாயிரம் கிலோமீட்டர் கம்மியா ஓடினா ஓடட்டும்.

கடையில ஒருத்தர் 195/60க்கு மாறச் சொன்னார், "லுக்கா இருக்குங்க". இப்ப இருக்கறது 185/60 ஆர்15, அதோட விட்டம் 603 மி.மீ. அவர் சொல்றது 615. ரெண்டு சதவீதம் பெரிசு, ஸ்பீடோமீட்டரும் அந்த அளவுக்குக் கம்மியா காட்டும். பெரிய தப்பில்லை, ஆனா லுக்குக்காக எனக்கு வேண்டாம். இறக்குமதி ஸ்போர்ட்ஸ் டயர் ஆசையும் இருந்தது. 2020 ஜூன்ல டயர் இறக்குமதியை கட்டுப்படுத்தப்பட்ட பட்டியல்ல சேர்த்ததுலேர்ந்து அதெல்லாம் லைசென்ஸ் விவகாரம். தவிர 15 இஞ்சுக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் டயரே அபூர்வம்.

கடைசி சுற்றுக்கு மிஷலின்ல ஒண்ணும் கான்டினென்டல்ல ஒண்ணும் வந்தது. பக்கவாட்டுல இருக்கற நாலு இலக்கத்தைப் பாத்தேன். 0825னா 2025ஆம் வருஷம் எட்டாவது வாரம் தயாரானதுன்னு அர்த்தம். கடையில அப்ப இருந்த ஸ்டாக்ல கான்டினென்டல்தான் புதுசு, அதையே எடுத்தேன். நாலுக்கும் அலைன்மென்ட், பேலன்சிங் சேர்த்து முப்பதாயிரத்தைத் தொட்டுச்சு. வீட்டுல இன்னும் அந்தத் தொகையை ரெண்டு தடவை கேட்டுட்டாங்க.

காத்து விஷயம் ஒண்ணு. "வெயில் காலம், ரெண்டு பாயிண்ட் கம்மியா வைங்க"ன்னு பஞ்சர் கடைகள்ல சொல்வாங்க. கேக்காதீங்க. காத்து கம்மியானா டயரோட பக்கவாட்டு ஒவ்வொரு சுத்துலயும் அதிகமா மடங்கும், அந்த மடிப்புதான் சூட்டைக் கிளப்பும், நெடுஞ்சாலையில வெடிக்கறதுல பாதி இப்படித்தான்னு சித்தப்பாவே சொல்வார். ஜோடி டயர்ல ஒண்ணுல காத்து இறங்கினா, முழு பாரத்தையும் சுமக்கற பக்கத்து டயர் சூடாகி வெடிக்கறதை அவர் எத்தனையோ தடவை பாத்திருக்கார். காலைல, வண்டி எடுக்கறதுக்கு முன்ன, பெட்ரோல் மூடிக்குப் பின்னால ஒட்டியிருக்கற அளவைப் பாத்து அடிங்க. ஓடி நின்னதும் நாலஞ்சு பாயிண்ட் கூடக் காட்டும். அதை இறக்கி விடாதீங்க. நைட்ரஜனுக்குக் காசு கொடுக்கறதும் கொடுக்காததும் உங்க இஷ்டம், சாதா காத்துலயே 78 சதவீதம் அதுதான்.

பி.கு: ஸ்டெப்னி 2014லேர்ந்து ரோட்டைத் தொட்டதே இல்லை, பட்டன் அத்தனையும் முழுசா இருக்கு. "புதுசாட்டம் இருக்கே, இதையும் சேர்த்துக்கலாமே"ன்னு கடைப் பையன் கேட்டான். பத்து வருஷம் தாண்டின ரப்பர். பழைய செட்ல தேறினதுல ஒண்ணை ஸ்டெப்னிக்குப் போட்டுட்டு, அந்த 'புது' டயரை சித்தப்பா தோட்டத்துப் புளியமரத்துல ஊஞ்சலா கட்டியாச்சு.