ஸ்பூனின் பின்புறம்

பாத்திரத்தைத் திருப்பிப் பார்ப்பது நம் வீடுகளுக்குப் புதிதில்லை. சீராக வந்த எவர்சில்வர் குடமோ சம்படமோ, விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். கொடுத்தவர் பெயர், தேதி, சில சமயம் ஊர். செய்தவர் பெயர் மட்டும் இருக்காது. வெள்ளி ஸ்பூன்களின் பின்புறத்தைப் படிக்க ஆரம்பித்தபோது நான் முதலில் தேடியது அந்த விடுபட்ட பெயரைத்தான்.

தாத்தா மூர் மார்க்கெட்டில் வாங்கிச் சேர்த்தவை ஐந்து ஸ்பூன்கள். அந்த மார்க்கெட் 1985-ல் எரிந்துபோனது. ஸ்பூன்கள் ஆதம்பாக்கம் வீட்டு பீரோவில், பழைய வேட்டித் துணியில் சுருட்டியபடி கிடந்தன. பாட்டி போன பிறகு பெரியம்மாவும் அம்மாவும் பங்கு பிரிக்க உட்கார்ந்தார்கள். பெரியம்மாவுக்குக் கொள்ளுப்பேரன் பிறந்திருந்தான். "உருக்கி அரைஞாண் பண்ணிடலாம். சும்மா துணியில கிடந்து கறுக்கறதுக்கு, குழந்தை இடுப்புல கிடக்கட்டுமே" என்றார். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். கடிகாரம் ரிப்பேர் செய்பவர்கள் கண்ணில் பொருத்திக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை வாங்கினேன்.

முதல் ஸ்பூனின் பின்னால் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் ஈ, பி, என், எஸ் என்று நான்கு ஆங்கில எழுத்துகள். பார்வைக்கு அரசாங்க முத்திரை மாதிரி கம்பீரம். ஆனால் அது நிக்கல் சில்வர்மேல் மின்முலாம் பூசியது என்பதற்கான சுருக்கம். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த அந்த உலோகத்தைத்தான் நாம் ஜெர்மன் சில்வர் என்கிறோம். பெயரில் வெள்ளி உண்டு, பொருளில் பூச்சு மட்டும்தான்.

இரண்டாவது இங்கிலாந்துக்காரன். காம்பின் உச்சியில் எனாமலில் ஏதோ ஊர்ச் சின்னம். சுற்றுலா போனவர் யாரோ ஞாபகத்துக்கு வாங்கியது. பின்னால் வரிசையாக நான்கு குறிகள். நடக்கும் சிங்கம் என்றால் ஸ்டெர்லிங், அதாவது 1000-க்கு 925 பங்கு வெள்ளி. நங்கூரம் என்றால் பர்மிங்ஹாமில் சோதித்தது. கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம்! 1773-ல் அங்கேயும் ஷெஃபீல்டிலும் சோதனைச் சாலைகள் வந்தன. ஷெஃபீல்டுக்கு ரொம்ப காலம் கிரீடம்தான் அடையாளம். மூன்றாவது குறி ஆண்டைச் சொல்லும் எழுத்து. அகரவரிசை முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து வரும் என்பதால், எழுத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதன் வடிவத்தையும், சுற்றியிருக்கும் கேடயத்தின் வடிவத்தையும் சேர்த்துப் படிக்கணும். நான்காவது, பொருளைச் சோதனைக்குக் கொடுத்த பட்டறையின் முதலெழுத்துகள். ஒரு ஸ்பூனுக்கு இவ்வளவு ஜாதகம்.

மூன்றாவதின் கிண்ணமே ஒரு கால் ரூபாய் நாணயம். தட்டிக் குழியாக்கி, காம்பில் பற்றவைத்திருக்கிறார்கள். ராஜா தலை, 1918. இதில் ஒரு பாடம் உண்டு: நாணயத்தின் ஆண்டு ஸ்பூனின் ஆண்டு இல்லை. ஸ்பூன் 1918-க்கு முந்தியது அல்ல என்பது மட்டும்தான் நிச்சயம். 1940 வரை நம் வெள்ளி ரூபாயில் 12-ல் 11 பங்கு வெள்ளி இருந்தது. 916 தங்கத்துக்கும் அதே கணக்குதான். ஸ்டெர்லிங்கைவிட ஒரு மாற்றுக் குறைவு, அவ்வளவே. 1940-ல் அது பாதியாகக் குறைந்தது.

மீதி இரண்டும் ஜோடி. காம்பின் உச்சியில் குழலூதும் கிருஷ்ணன். பின்னால் எழுத்து எழுத்தாக 'பி. ஓர் அண்ட் சன்ஸ்'. மவுண்ட் ரோட்டில் மணிக்கூண்டோடு நிற்கும் அதே கம்பெனி. 1849-ல் பீட்டர் ஓர் தொடங்கியது. தெய்வ உருவங்களைப் புடைப்பாகச் செய்யும் மெட்ராஸ் 'சாமி' வெள்ளிக்கு வெள்ளைக்காரர்களிடம் பெரிய கிராக்கி இருந்தது. அன்றைய இந்தியாவில் இங்கிலாந்து மாதிரி அரசுச் சோதனை முத்திரை கிடையாது. வெள்ளிக்கு நம் ஊர் ஹால்மார்க் வந்ததே 2005-ல். அதனால் கம்பெனி பெயர்தான் உத்தரவாதம்.

லென்ஸில் அந்த ஜோடியை அருகருகே வைத்துப் பார்த்தேன். முத்திரை ஒன்றுதான். கிருஷ்ணன்கள் வேறு. ஒருவனுக்குக் குழல் லேசாகச் சாய்ந்திருக்கிறது. மற்றவனுக்குக் கிட்டத்தட்ட நேராக. ஒருவன் மயில்பீலியில் மூன்று கீறல், இன்னொருவனுக்கு நான்கு. அமெரிக்காவின் சேலம் ஊரில் 1890 வாக்கில் டேனியல் லோ விற்ற சூனியக்காரி ஸ்பூன் பிரபலமானது. அதிலும் வேறுபாடுகள் உண்டு: பிறகு வந்த வடிவத்தில் பூனையும் பிறைநிலாவும் சேர்ந்துகொண்டன. ஆனால் அது அச்சு மாறியதால் வந்த வேறுபாடு. ஒரே அச்சில் அடித்த ஸ்பூன்கள் ஒன்றுபோலவே இருக்கும். இங்கே மாறியிருப்பது கை. பட்டறையில் உளியோடு உட்கார்ந்த ஆசாரியின் கை. முத்திரை விற்றவர் பெயரைச் சொல்கிறது. அந்த நான்காவது கீறல்தான் செய்தவரின் கையெழுத்து. ஒரு ஸ்பூன் மட்டும் இருந்திருந்தால் அது கண்ணுக்கே தெரிந்திருக்காது.

பாட்டி விபூதி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அந்தக் கீறல்களும் பாதி மழுங்கிவிட்டன. இன்னும் ஐம்பது வருஷம் தேய்த்தால் இரண்டு கிருஷ்ணனும் ஒன்றாகிவிடுவார்கள்.

இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொன்னேன். ஆளுக்கு ஒன்றாகப் பிரிக்காமல் ஜோடியை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினேன். பொறுமையாகக் கேட்டார். "அடுத்தவன் கீறினதை எண்ணிட்டு இருக்கியேடி" என்று சிரித்தார்.

நகைக்கடையில் உரைகல்லும் தராசும்தான் பேசின. ஜெர்மன் சில்வரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் கடைக்காரர். நாணய ஸ்பூனையும் இங்கிலாந்து ஸ்பூனையும் தட்டில் போட்டார். எனாமலைக் கழித்து எடை போட்டார். "பழசுக்கெல்லாம் தனி விலை கிடையாதும்மா, எடைக்குத்தான்." ஊர், ஆண்டு, பட்டறை எல்லாம் பக்காவாக எழுதியிருந்த சிங்கமும் நங்கூரமும் தராசில் சில கிராம்களாயின.

அடுத்து ஜோடியைக் கேட்டுக் கை நீட்டினார். பெரியம்மா எடுத்துக் கொடுக்கவில்லை. புடவைத் தலைப்பால் ஒருமுறை துடைத்துவிட்டு, இரண்டையும் என் கையில் வைத்தார்.

"சாமியை எப்படிடி உருக்குறது? குறையுறதுக்கு நான் காசு போட்டுக்கறேன்."