இரண்டு நிமிடச் சனி

டெலஸ்கோப் வாங்க நினைப்பவர்கள் கண்ணாடியின் அளவைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். ஆறு இஞ்சா, எட்டு இஞ்சா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். பெட்டியோடு வரும் ஐபீஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ஆனால் கண் வைக்கிற இடம் அதுதான். எட்டு இஞ்சுக் கண்ணாடி சேர்த்துக் கொடுக்கும் வெளிச்சம் அவ்வளவும் ஒன்றேகால் இஞ்சுக் குழல் ஒன்றின் வழியாகத்தான் நம் கண்ணுக்கு வந்தாக வேண்டும். உயர்ரக ஐபீஸ் ஒன்றின் விலை சில சமயம் டெலஸ்கோப்பின் விலைக்கே வந்து நிற்கும். அவ்வளவு கொடுக்கலாமா என்று கேட்டால், கொடுக்கலாம் என்றே சொல்வேன். அதற்கான காரணத்தை நான் மார்க்கையன்கோட்டையில் ஒரு நெற்களத்தில் நின்ற வரிசையிடம் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் குச்சனூர். சுரபி நதிக்கரையில் சுயம்பு சனீஸ்வரர் கோயில். ஆடிச் சனிக்கிழமைகளில் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் அங்கே திரண்டு வரும். அதனால் இந்தப் பக்கத்தில் டெலஸ்கோப்பைத் தூக்கி வெளியே வைத்தால், நிலாவைக் காட்டு என்று கேட்பவர்களைவிடச் சனியைக் காட்டு என்று கேட்பவர்களே அதிகம். ஆடியில் காட்ட முடியாது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று அந்த மாதத்தில் எந்தக் கோளையும் கொதிக்கிற தண்ணீருக்குள் போட்டதுபோல ஆக்கிவிடும். மழையும் காற்றும் அடங்கிய தை மாதம்தான் தோது. சென்ற தையில், மேற்கு மலைக்குப் பின்னால் சனி இறங்குவதற்குள் களத்தில் இருபது முப்பது பேர் கூடிவிட்டார்கள். அறுப்பு முடிந்து காலியாகக் கிடந்த களம். சுற்றிலும் இரண்டாம் போக நடவுப் பச்சை.

இங்கேதான் ஐபீஸ் பிரச்சினை தொடங்குகிறது. எங்களிடம் இருப்பது 1200 மில்லிமீட்டர் குவியத்தூரம் உள்ள எட்டு இஞ்சு டாப்சோனியன் வகை டெலஸ்கோப். அதில் 6 மி.மீ. ஐபீஸைப் பொருத்தினால் 200 மடங்கு பெருக்கம் கிடைக்கும். வளையத்தைப் பிரித்துப் பார்க்க அது நல்ல அளவு. ஆனால் எங்கள் டாப்சோனியனுக்கு வானத்தோடு சேர்ந்து நகரும் மோட்டார் கிடையாது, கையால்தான் தள்ள வேண்டும். பூமி சுழலும் வேகத்தில் வானம் நிமிடத்துக்குக் கால் பாகை நகர்கிறது. டெலஸ்கோப்போடு இலவசமாக வரும் பிளாஸ்ல் வகை ஐபீஸின் பார்வைப் புலம் சுமார் 50 பாகை. அதை 200-ஆல் வகுத்தால் வானத்தில் கால் பாகை. ஒரு விளிம்பில் நுழையும் சனி அறுபது வினாடியில் மறு விளிம்பில் வெளியேறிவிடும்.

பழகியவனுக்கு அறுபது வினாடி போதும். வரிசையில் நிற்பவர்களுக்குப் போதாது. முதல்முறை கண் வைப்பவர் ஒரு கண்ணை மூடுவதற்கே திண்டாடுவார். பிறகு குழலைத் தொட்டுவிடுவார். கடைசியில் "ஒண்ணும் தெரியலையே" என்பார், அது உண்மையாகவே இருக்கும். அதற்குள் சனி போயிருக்கும். அதிலும் 6 மி.மீ. பிளாஸ்லில் கண்ணை வில்லைக்கு நாலைந்து மில்லிமீட்டர் நெருக்கத்தில் கொண்டுபோக வேண்டும். இமைமுடி கண்ணாடியில் இடிக்கும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் அதைக் கழற்றியாக வேண்டும், அவர்கள் பார்வைக்கு ஏற்பக் குவியத்தைத் திருப்ப வேண்டும், அடுத்தவருக்கு மறுபடியும் திருப்ப வேண்டும். வரிசை நகராது.

அன்று நாங்கள் வைத்திருந்தது 100 பாகைப் புலம் கொண்ட ஐபீஸ். அதே 200 மடங்குக்கு அது வானத்தில் அரை பாகையைக் காட்டும், அதாவது ஒரு முழுநிலவின் அகலம். சனி இரண்டு நிமிடம் உள்ளே இருக்கும். கண்ணை 15 மி.மீ. தள்ளி வைத்தாலே முழுப் புலமும் தெரியும். 82 பாகை ஐபீஸாக இருந்தால் ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். இந்தக் கணக்கை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. விண்கலத்தின் ஜன்னல் வழியே பார்ப்பது போலிருக்கும் என்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு அந்தக் கூடுதல் ஒரு நிமிடம்தான் முக்கியம்.

வரிசையில் ஓர் அப்பத்தா வந்தார். எண்பதை நெருங்கியிருப்பார். டெலஸ்கோப்புக்கு அருகில் வந்ததும் தயங்கி நின்றுவிட்டார்.

"ஏய்யா, சனியை நேருக்கு நேரா நின்னு பாக்கலாமாய்யா?"

கோயிலிலும் சனீஸ்வரருக்கு எதிரே நிற்காமல் ஒதுங்கி நின்று கும்பிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் எனக்குத் தெரியும். "இதுல பக்கவாட்டுலதான் நிக்கணும் அப்பத்தா, குனிஞ்சு பாருங்க" என்றேன். டாப்சோனியனில் ஐபீஸ் குழாயின் பக்கவாட்டில்தான் இருக்கிறது. பார்ப்பவர் சனிக்கு எதிரே நிற்பதில்லை. அப்பத்தா மெதுவாகக் குனிந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை. வெகுநேரம் பேசவே இல்லை. நானும் குழாயைத் தொடவில்லை, தொட வேண்டிய அவசியம் வரவில்லை. பிறகு, "எலுமிச்சம்பழத்துல ஊசி குத்தி வச்ச மாதிரி இருக்குய்யா" என்றார்.

துல்லியமான வருணனை. 2025 மார்ச்சில் வளையங்கள் தம் விளிம்பை நமக்குக் காட்டி நின்றன. தையிலும் அவை மெல்லிய கோடாகத்தான் தெரிந்தன.

இந்த அகன்ற புலம் வந்த வழி சுவாரசியமானது. அமெரிக்கரான ஆல் நாக்லர், அப்போலோ விண்வெளி வீரர்கள் நிலவில் இறங்கிப் பழகுவதற்கான சிமுலேட்டரின் ஒளியியலை வடிவமைத்தவர். அதில் கிடைத்த அகன்ற காட்சியை டெலஸ்கோப்புக்கும் கொண்டுவர ஆசைப்பட்டு 1977-இல் டெலி வியூ நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் காப்புரிமை பெற்ற வடிவம் 82 பாகையைக் காட்டியது. அதே நிறுவனத்தின் ஈதோஸ் 2007-இல் 100 பாகையைத் தொட்டது. விண்மீன் பக்கமுள்ள முனையில் ஒரு குழிவில்லைத் தொகுதியை வைத்ததுதான் சூட்சுமம். அதனால் குவியத்தூரம் குறைந்தாலும் கண்ணைத் தள்ளி வைக்க முடிகிறது. அகலம் மட்டும் வேண்டுமென்றால் மலிவாகவும் கிடைக்கும். ஆனால் மலிவான அகலத்தில் ஓரத்து விண்மீன்கள் குருவி இறகுபோல விரிந்து கிடக்கும்; காசு கொடுப்பது விளிம்பு வரை புள்ளி புள்ளியாகவே இருப்பதற்குத்தான். நடுவில் நிற்கும் கோளை மட்டும் ஒப்பிட்டால், ஒழுங்காகச் செய்த பிளாஸ்லுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியாது. இதைக் கடைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன்.

எந்த அளவு வாங்குவது? என் தேர்வு 12 அல்லது 13 மி.மீ. தான். அதோடு ஒரு நல்ல இரண்டு மடங்கு பார்லோ வில்லை சேர்ந்தால் கோள்களுக்கான பெருக்கமும் கிடைத்துவிடும். 300, 400 மடங்கு என்று ஆசைப்பட வேண்டாம். நம் காற்று பெரும்பாலான இரவுகளில் 200-ஐத் தாண்ட விடாது. பார்லோ இல்லாமல் அதே 12 மி.மீ.யைச் சித்திரை, வைகாசி இரவில் தெற்கே திருப்புங்கள். ஒமேகா சென்டாரி என்னும் மாபெரும் விண்மீன் கொத்து நம் ஊரில் 32 பாகைக்கு மேல் ஏறி, மலை விளிம்புக்கு வெகு உயரத்தில் நிற்கும். நாக்லரின் நாட்டில், நியூயார்க்கில், அது அடிவானத்துக்கு மேல் இரண்டு பாகைகூட ஏறாது. புலம் முழுக்க மணல் மணலாக விண்மீன்கள் நிறைந்திருப்பதைப் பார்த்த சிறுவர்கள் அடுத்தவருக்கு இடம் விட மறுப்பார்கள்.

கனமான ஐபீஸ் அரைக் கிலோவைத் தாண்டும். குழாயின் மேல்முனை தாழ்ந்தால் கீழ்ப்பக்கத்தில் காந்தத் துண்டுகளை ஒட்டிச் சமன் செய்யலாம். அதைவிடப் பெரிய கவலை ஈரம். வயலில் தண்ணீர் நிற்கும் ஊரில் வில்லைகளுக்குள் பூஞ்சை படிந்தால் வீட்டில் கழற்றித் துடைக்க முடியாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்; நிறம் மாறினால் வறுத்துக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். பனியில் நனைந்ததை ஈரம் காயும்முன் மூடாதீர்கள். வரிசை முடிந்ததும் பார்த்தால் வில்லையின் மேல் கண்மை, தேங்காய் எண்ணெய், நெற்றியிலிருந்து உதிர்ந்த திருநீறு எல்லாம் இருக்கும். திருநீற்றுத் துகளோடு துணியால் அழுத்தித் துடைத்தால் மேற்பூச்சில் கீறல் விழும். முதலில் ரப்பர் ஊதுகுழாயால் ஊதுங்கள், பிறகுதான் லென்ஸ் துணி. வேட்டி முனை கூடவே கூடாது.

ஒன்றேகால் இஞ்சு என்பது பொது அளவு. இன்று விற்கும் பெரும்பாலான டெலஸ்கோப்புகளில் அது பொருந்தும். அளவைப் பார்த்து வாங்கினால், டெலஸ்கோப் மாறினாலும் ஐபீஸ் கூடவே வரும். சின்னமனூரிலும் போடியிலும் கம்பத்திலும் பரணில் தூங்கும் டெலஸ்கோப்புகளின் சொந்தக்காரர்களே, நாலு பேராகச் சேர்ந்து ஒரே ஒரு நல்ல ஐபீஸை வாங்குங்கள், ஊர் ஊராகச் சுற்றுக்கு விடுங்கள். சனியின் வளையங்கள் இப்போது ஆண்டுக்கு ஆண்டு அகன்று வருகின்றன. 2032-இல் முழுதாகத் திறந்திருக்கும்.