கணினி வாங்குமுன் ஆண்டுகளை எண்ணுங்கள்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் ஐரோலியில் நம்மவர் இல்லங்களில் எழும் முதல் கேள்வி, "எந்தக் கல்லூரி?" என்பது. இரண்டாவது கேள்வி, "எந்தக் கம்ப்யூட்டர்?" என்பது. தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் பெயர்ந்து வந்து, இங்கே ஒற்றை அறை வீட்டில் வாழும் குடும்பங்களுக்கு இந்த இரண்டாவது கேள்வி சிறியதன்று.

ஊரிலுள்ள நம் உறவினரின் பிள்ளைகளுக்கு, அவர்கள் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்தால், தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தின் மூலம் பல ஆண்டுகள் விலையில்லா மடிக்கணினி வழங்கியது. கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையிலும் அறிவித்தது. மும்பையில் படிக்கும் நம் பிள்ளைகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. நமக்குச் சீட்டுப் பணமும் ஓவர்டைம் கூலியுமே துணை. ஒருமுறை தவறாக வாங்கிவிட்டால் மறுமுறை வாங்கப் பணமிராது.

அப்படியானால் வாங்கும்போது முதலாவது எதைப் பார்க்க வேண்டும்? விலையையா? கம்பெனியின் பெயரையா? என் அனுபவத்தில் நான் கண்ட பதில் இதுதான்: அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதையே முதலாவது பார்க்க வேண்டும்.

என் மகள் 2025-ஆம் ஆண்டு வணிகவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். பட்டமும், அதன்பின் ஒரு மேற்படிப்பும் என்று எண்ணினால் ஐந்து ஆண்டுகள். கையிலிருந்த தொகை நாற்பதாயிரம் ரூபாய். கிராண்ட் ரோடு இரயில் நிலையத்தருகே லாமிங்டன் ரோட்டிலுள்ள கடைகளில் விசாரித்தோம். ஒரு கடைக்காரர் பதினெட்டாயிரம் ரூபாய்க்குப் பழைய மடிக்கணினி ஒன்றை எடுத்து வைத்து, "இது ஐ5, நீங்கள் கேட்கும் புதியது வெறும் ஐ3தான்" என்று இந்தியில் சொன்னார். பாதி விலையில் உயர்ந்த பொருள்! யாருக்குத்தான் மனம் அசையாது?

ஆனால் வாசகரே, ஐ3, ஐ5, ஐ7 என்னும் பெயர்கள் ஒரே தலைமுறைக்குள் உள்ள படிகளை மாத்திரமே காட்டுகின்றன. அவற்றை அடுத்து வரும் எண்ணே தலைமுறையைச் சொல்லும். அவர் காட்டியது ஐ5-4200யூ; அதாவது 2013-இல் வந்த நான்காம் தலைமுறை, இரண்டு கோர்கள் கொண்டது. நாங்கள் கேட்டது ஐ3-1215யூ. 2022-இல் வந்த பன்னிரண்டாம் தலைமுறை, ஆறு கோர்கள் கொண்டது. பெயரில் சிறியதே வேலையில் பெரியது. 2023-இன் இறுதியிலிருந்து இந்தப் பெயரிடும் முறையும் மாறத் தொடங்கியது. ஆகையால் "இந்தச் சிப் வெளிவந்த ஆண்டு எது?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

இந்த ஆண்டுக் கணக்கு ஏன் முக்கியம்? மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் சிப்புகளை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. ஆதரவு நின்ற கணினி மறுநாளே நின்றுவிடாது, ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகள் அதில் அடைக்கப்படுவதில்லை. வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், மகாடிபிடி தளத்தில் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதும் அதே கணினியில்தானே! பூட்டில்லாத பெட்டியில் பணத்தை வைப்பாருண்டோ? லினக்ஸ் போட்டு ஓட்டலாம் என்பார்கள். பல வேலைகளுக்கு அது நல்ல வழியே. ஆனால் வணிகவியல் மாணவிக்குத் தேவையான டேலி, விண்டோஸுக்காக எழுதப்பட்டது.

நான் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். பதினெட்டாயிரம் ரூபாய்ப் பொருள் இரண்டு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு ஒன்பதாயிரம். முப்பத்தெட்டாயிரம் ரூபாய்ப் பொருள் ஐந்து ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு ஏழாயிரத்து அறுநூறு. மலிவானது எது என்பது அப்போது விளங்கிற்று. புதியதையே வாங்கினோம்.

ஆயுளை நீட்டும் வேறு சிலவற்றையும் கவனியுங்கள். முதலாவது, எஸ்.எஸ்.டி. பழைய ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழல, ஊசி போன்ற ஒன்று நகர்ந்து படிக்கும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே இல்லை. அதனால் வேகமும் அதிகம். தாணே இரயிலின் நெரிசலில் பை இடிபட்டாலும் தாங்கும். இரண்டாவது, ராம் என்னும் நினைவகம். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜி.பி. போதும் என்பார்கள்; ஆனால் எக்செல்லும் இணையமும் இணையவழி வகுப்பும் சேர்ந்தால் அது திணறும். 8 ஜி.பி.க்குக் குறையாமல் வாங்குங்கள். அதைவிட முக்கியமாக, பின்னர் கூட்டுவதற்குக் காலி ஸ்லாட் உண்டா என்று கேளுங்கள். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்டவே இயலாது. மூன்றாவது, பழுது. ஜி.எஸ்.டி. ரசீதும் உத்தரவாதமும் இல்லாமல் பொருளைக் கையில் வாங்காதீர்கள். சர்வீஸ் சென்டர் தாணேயிலோ வாஷியிலோ உண்டா, பேட்டரி தனியாகக் கிடைக்குமா என்று அறிந்துகொள்ளுங்கள். தொடுதிரைக்கும் விளையாட்டுக்கான கிராஃபிக்ஸ் கார்டுக்கும் இலவசப் பைக்கும் மயங்க வேண்டாம்.

கையில் இருபதாயிரம்தான் இருக்கிறது என்பவரும் நம்மிடையே உண்டு. அவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. அலுவலகங்கள் கழித்த கணினிகளில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ, எஸ்.எஸ்.டி. உள்ளதாகத் தேடுங்கள். கடையிலேயே அதை இயக்கச் செய்து, செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தைத் திறந்து, சிப்பின் எண்ணை உங்கள் கண்ணாலேயே படியுங்கள். வெளியே எடுத்துச் செல்ல வேண்டாம், வீட்டில் ஒரு மேசைக்கு இடமுண்டு என்றால், டெஸ்க்டாப்பும் நல்லதே. அதில் பழுதான பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஆகவே, அன்பானவர்களே, கடைக்குப் புறப்படுமுன் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: பிள்ளை அதில் செய்யப்போகும் வேலை என்ன, அது எத்தனை ஆண்டு வேண்டும், நம்மால் இயன்ற தொகை எவ்வளவு. அந்தத் தாளைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, கடைக்காரரிடம் கேள்விகளை அவர்களையே கேட்கச் சொல்லுங்கள். உங்கள் வியர்வையின் விலையை அவர்களும் அறிந்துகொள்வார்கள்.