கடன் பெற்றவர் சொல்ல, எழுதப்பட்ட கணக்கு



திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கணக்கை எழுதி வைப்பது பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமான அது, தவணைக் கடன் சிறிதோ பெரிதோ, சலிப்படையாமல் எழுதச் சொல்கிறது. சாட்சிகளை வைத்துக்கொள்ளச் சொல்கிறது. இவற்றினிடையே நாம் எளிதில் கடந்துபோகும் ஒரு நிபந்தனையும் உண்டு. எழுத்தருக்கு வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் பெற்றவர். அதுவும் அல்லாஹ்வை அஞ்சி, எதையும் குறைக்காமல் சொல்ல வேண்டும். பணம் கொடுத்தவரின் கையில் அதிகாரம் இருக்கும்போது எழுத்தின் உரிமையை மறுபக்கத்துக்கு அளிக்கும் இந்த ஏற்பாட்டின் ஆழம், எங்கள் மஹல்லாவின் கணக்கு முழுவதும் ஒரே மாலையில் அழிந்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

இராயபுரத்தில் எங்கள் பள்ளிவாசலை ஒட்டி வட்டியில்லாக் கடன் நிதி ஒன்று நடைபெற்று வருகிறது. காசிமேட்டில் ஐஸ் பெட்டி சுமப்பவர், வலை பின்னுபவர், துறைமுகத்துக்கு லாரி ஓட்டுபவர், திருவொற்றியூரில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், எண்ணூரில் வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்யும் பெண்கள் ஆகியோரே இதில் கடன் பெறுகிறவர்கள். ஐயாயிரம், பத்தாயிரம் என்று சிறு தொகைகள்தாம். ஆனால் ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, கந்துவட்டிக்காரரின் வாசலுக்குச் செல்லாமல் ஒரு குடும்பத்தைக் காப்பது இத்தகைய சிறு தொகைதான்.

சில ஆண்டுகளுக்கு முன், ஷஅபான் மாதத்தில், நிதியின் கணக்கு மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்ற அதை விற்றவரின் பணியாளர் வந்தார். பழைய தரவுகள் தாமாகவே நகலெடுக்கப்படும் என்று அவர் உறுதி கூறினார். அப்படி நகல் எதுவும் எடுக்கப்படவில்லை. பழைய அட்டவணைகளைப் புதிய வடிவுக்கு மாற்றும் பணி பாதியில் நின்றது. பழைய கோப்பு நீக்கப்பட்டுவிட்டது, புதிய கோப்போ திறக்கவில்லை. கணினி சற்றுத் தெரிந்தவன் என்பதால் என்னை அழைத்தார்கள்.

நான் செய்த முதல் வேலை, இயந்திரத்தை அணைக்கச் சொன்னதுதான். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பை நீக்கினால் அதன் உள்ளடக்கம் உடனே மறைந்துவிடுவதில்லை. அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவே. அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை மீட்க வழியுண்டு. பதற்றத்தில் மென்பொருளை மீண்டும் நிறுவுவதும், மீட்புச் செயலியை அதே வட்டில் இறக்குவதும் இருப்பதையும் அழித்துவிடும். வட்டு முழுவதையும் வேறொரு வட்டில் அப்படியே படியெடுத்து, அந்தப் படியின் மீதுதான் தேட வேண்டும். நாங்கள் பயன்படுத்தியது பழைய சுழலும் வட்டாக இருந்தது அல்லாஹ்வின் அருள். எஸ்.எஸ்.டி. வகை வட்டுகள் பெரும்பாலும் நீக்கிய இடத்தைத் தாமே துடைத்துவிடுவதால், அவற்றில் இந்த நம்பிக்கை மிகக் குறைவு.

மூன்று இரவுகள் தேடியதில் கணக்கின் ஒரு பகுதி கிடைத்தது. திறந்து பார்த்தால் பெயர்கள் அனைத்தும் பொருளற்ற குறிகளாக நின்றன. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியேற்ற முறைகளைப் பின்பற்றின. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றதே 2010இல்தான். எங்கள் பழைய பதிவுகள் அத்தகைய ஓர் எழுத்துருவில் தட்டச்சானவை. உரிய மாற்றியைக் கண்டுபிடித்து ஓட்டியதும் குறிகள் கரைந்து, அறிந்த பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் எழுந்தன. எனினும் இறுதி இரண்டு ஆண்டுகளின் பதிவுகள் எங்கும் இல்லை.

நிதிக்கு நேரும் இழப்பு மட்டுமே என்றால் பொறுத்துக்கொண்டிருக்கலாம். கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் தாம் தொழ வைக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னதும், அபூ கத்தாதா (ரலி) அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பிறகே தொழ வைத்ததும் நாம் அறிந்தவை. கணக்கு அழிந்தால் கடன் அழிவதில்லை. அது கடன்பட்டவரின் கழுத்திலேயே தங்கிவிடுகிறது. ஆகவே அந்தக் கணக்கை மீட்பது அவர்களுக்கு நாங்கள் ஆற்ற வேண்டிய கடமையாகவும் ஆயிற்று.

முறையை எங்கிருந்து கற்பது? யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தவர்கள் பலர் ஷஹீதானபோது, உமர் (ரலி) அவர்களின் ஆலோசனைப்படி அபூபக்கர் (ரலி) அவர்கள் அதை ஒன்றுதிரட்டும் பொறுப்பை ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஸைத் (ரலி) தாமே மனனம் செய்தவராயினும் தம் நினைவை மட்டும் நம்பவில்லை. பேரீச்ச மட்டைகளிலும் கற்களிலும் எழுதப்பட்டிருந்தவற்றையும் மனிதர்களின் நெஞ்சங்களில் இருந்ததையும் சேர்த்தே திரட்டினார்கள். அந்த மாபெரும் பணியோடு எங்கள் சிறு கணக்கை ஒப்பிடுவதற்கில்லை. ஆனால் எழுத்தும் நினைவும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல வேண்டும் என்ற பாடம் எல்லோருக்கும் உரியது.

ஜுமுஆவுக்குப் பின் அறிவிப்புச் செய்தோம். தவணை அட்டை, ரசீது, ஜாமீன் கையெழுத்திட்டவரின் சொல் என எது இருந்தாலும் கொண்டுவரச் சொன்னோம். தமக்குச் சாதகமாக ஒருவர் கூறுவதற்குச் சான்று கேட்பது, தமக்கு எதிராகத் தாமே ஒப்புக்கொள்வதை அப்படியே ஏற்பது என்று நிர்வாகிகள் முடிவு செய்தார்கள்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். மீட்ட கோப்பில் அவருடைய கணவரின் பெயரே இல்லை.

"தம்பி, எங்க வூட்டுக்காரர் வாங்கினது பதினஞ்சாயிரம். ஆறாயிரம் கட்டியாச்சு. பாக்கி ஒன்பதாயிரம், எழுதிக்கோப்பா" என்றார்.

"சீட்டு ஏதாவது இருக்கா பெரியம்மா?"

"சீட்டு இல்லப்பா. மவுத்தாவறதுக்கு முந்தின நாள் அவர் என்கிட்ட சொன்ன கணக்கு இது."

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடனைத் தள்ளுபடி செய்யலாமா என்று செயலாளர் கேட்டபோது, தவணை மட்டும் போட்டுத் தரச் சொன்னார்.

மறுநாள் பட்டறை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் தம் அட்டையுடன் வந்தார். மீட்டெடுத்த கோப்பு காட்டிய பாக்கியைவிட அவர் சொன்ன தொகை குறைவாக இருந்தது. அட்டையில் எங்கள் முத்திரையோடு இரண்டு தவணைகள் பதிவாகியிருந்தன. கணினியில் அவை ஏறவே இல்லை. கணக்கு அழியாதிருந்தால் அந்தப் பிழை என்றும் வெளிப்பட்டிராது. அவர் கொடுத்த பணத்தை அவரே மீண்டும் கொடுக்க நேர்ந்திருக்கும்.

எல்லோரும் வந்துவிடவில்லை. சிலர் ஊர் மாறியிருந்தார்கள். ஒருவர் முழுவதும் கட்டிவிட்டதாகக் கூறினார், ஜாமீன்தாரரோ இல்லை என்றார். எழுத்தைக் காக்கும் பொறுப்பு நிதியுடையது என்பதால், அவருடைய சொல்லையே ஏற்று முடித்தோம். ரமலான் பிறை காணும்போது பெரும்பகுதிக் கணக்கு மீண்டிருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

இன்னொருவரின் கையில் இருந்ததே இத்தகைய வேளைகளில் எஞ்சுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எண்ணற்ற குடும்பங்களின் ஆவணங்கள் அழிந்தபோது, அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி அவற்றை மீண்டும் வழங்க முடிந்தது, அலுவலகங்களில் மூலப் பதிவுகள் இருந்ததால்தான். மைஸ்பேஸ் நிறுவனம் சர்வர்களை மாற்றும்போது பன்னிரண்டு ஆண்டுகளின் இசைக் கோப்புகளை இழந்தது 2019இல் வெளியானது. ஆய்வாளர் குழு ஒன்று முன்பே தனியாகச் சேகரித்து வைத்திருந்த சுமார் 4,90,000 பாடல்கள் மட்டுமே பின்னர் இன்டர்நெட் ஆர்கைவ் வழியாகக் கிடைத்தன.

உங்கள் மஹல்லாவிலும் நிக்காஹ் பதிவேடு, ஸகாத் கணக்கு, கபர்ஸ்தான் பதிவேடு ஆகியவை கணினிக்குள் சென்றிருக்கலாம். மூன்று படிகள் வைத்திருங்கள். அவற்றில் ஒன்று வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும். மென்பொருளை மாற்றும் நாளுக்கு முன் ஒரு படியை வேறு கணினியில் திறந்து பாருங்கள், ஏனெனில் திறந்து பார்க்காத காப்பு நகலை நம்ப முடியாது. மாதம் ஒருமுறை கணக்கை அச்சிட்டுக் கையொப்பமிடுங்கள். கடன் பெற்றவரின் கையிலும் அதே கணக்கைக் கொடுங்கள்.

எங்கள் நிதியில் இப்போது ஒவ்வொரு கடனும் கடன் பெறுபவரே வாய்விட்டுச் சொல்ல, இரு சாட்சிகள் முன்னிலையில் எழுதப்படுகிறது. ஒரு படியை அவர் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். கணினியில் ஏறுவது அதன் பிறகுதான்.