டப்பாவுக்குள்ள நாணயம் இருக்கா?

உங்க வாட்ஸ்அப்புக்கும் கண்டிப்பா வந்திருக்கும். 'வைஷ்ணோ தேவி படம் போட்ட அஞ்சு ரூபா காயின் வெச்சிருக்கீங்களா? நீங்க லட்சாதிபதி!' 2012-ல அச்சடிச்சு நாடு முழுக்கப் புழக்கத்துல விட்ட காசு பாஸ் அது. டீக்கடை கல்லாவுல கையை விட்டா சிக்கும். ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்டில், 'பழைய நோட்டு, காசு விற்க எங்க பேரைச் சொல்லி கமிஷன், வரி கேட்டா நம்பாதீங்க'ன்னு அறிக்கை விட்டுச்சு. அதனால இந்த ரக மோசடியை நம்ம தர்மபுரி பசங்க ஈஸியா கண்டுபிடிச்சுடுவாங்க. நான் சொல்ல வந்தது அதைவிட டீசன்ட்டான ஏரியா. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டப்பா, உள்ளே காசு, மேலே லேபிள், அதுல ஒரு நம்பர், ஒரு மார்க். 'சர்ட்டிஃபைடு காயின் சார்!'

காசு சேர்க்கறவங்க இதை 'ஸ்லாப்'னு சொல்றாங்க. காசை ஒரு கம்பெனிக்கு அனுப்பினா, அது அசலா போலியா, எவ்ளோ தேஞ்சிருக்குன்னு பார்த்து, 1-ல இருந்து 70-க்குள்ள மார்க் போட்டு, டப்பாவுல வெச்சு சீல் பண்ணித் திருப்பி அனுப்புவாங்க. அமெரிக்காவுல பி.சி.ஜி.எஸ். 1986-லயும், என்.ஜி.சி. 1987-லயும் இந்த பிசினஸை ஆரம்பிச்சாங்க. 60-க்கு மேல போனாலே புழக்கத்துக்குப் போகாத காசுன்னு அர்த்தம். அதுக்கு மேல இருக்கற பத்துப் படியும் சின்னச் சின்னக் கீறல், பளபளப்பு சமாச்சாரம். ஆனா 64-க்கும் 66-க்கும் நடுவுல விலை பல மடங்கு எகிறும்.

இந்த 70 மார்க் கணக்கைக் கொண்டு வந்தவர் வில்லியம் ஷெல்டன்னு ஒரு மனோதத்துவ நிபுணர். அமெரிக்கப் பழைய சென்ட் காசுகளுக்காக 1949-ல போட்ட கணக்கு. அவர் செத்ததுக்கு அப்புறம் ஒரு விஷயம் வெளியே வந்துச்சு. அமெரிக்க நாணயவியல் கழகத்தோட சேகரிப்புல இருந்த நல்ல காசுகளை எடுத்துட்டு, அந்த இடத்துல மட்டமான காசுகளை வெச்சிருக்கார் மனுஷன்! ஸ்கேல் பண்ணவரே இப்படி.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். எங்க சித்தப்பா பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடறவர். 2023-ல தக்காளி கிலோ நூறைத் தாண்டுச்சே, அந்த சீஸன்ல கையில கொஞ்சம் நின்னுச்சு. பொண்ணு காலேஜ் சேரும்போது ஆகும்னு, அறுபதாயிரம் கொடுத்து ஸ்லாப்ல இருந்த ஒரு 1939 ரூபாயை வாங்கிட்டார். ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய். 1940-ல இருந்து ரூபாயில வெள்ளி பாதியாக் குறைஞ்சுடுச்சு. 91.7 சதவீத வெள்ளியில வந்த கடைசி ரூபாய் இந்த 1939. ரொம்ப அபூர்வம். அதனாலயே 1938 ரூபாயில எட்டை ஒன்பதா மாத்தற வேலையும் ரொம்ப நாளா நடக்குது.

யோசிச்சுப் பாருங்க, வெள்ளி அசல், எடை அதே 11.66 கிராம், தலையும் அசல். பொய் ஒரே ஒரு எண்ணுலதான். எந்தத் தராசும் இதைப் பிடிக்காது. சேலத்துல காசு சேகரிக்கற ஒரு பெரியவர் லென்ஸ் வெச்சுப் பார்த்துட்டு, 'அந்த ஒன்பது பக்கத்துல எனக்கு சந்தேகமா இருக்கு தம்பி. டப்பா மேல கீறல் இருக்கு, தெளிவாத் தெரியல. வெளிய எடுத்தாத்தான் சொல்ல முடியும்'னார். வெளிய எடுத்தா? டப்பாவை உடைச்சா கம்பெனி கேரன்ட்டி காலி. உடைக்காம நிரூபிக்க முடியாது, உடைச்சா கேட்க முடியாது. வித்தவரோ, 'லேபிள்ல போட்டிருக்கே, அப்புறம் என்னங்க?'ங்கறார். (எந்தக் கம்பெனின்னு கேட்காதீங்க, பேர் வேண்டாம்.)

எங்க ஆத்தா காலத்துல வெள்ளிக் காசைக் கல்லு மேல சுண்டிப் பார்ப்பாங்களாம். சத்தமே சொல்லிடும். ஸ்லாப்புக்குள்ள இருந்தா சுண்ட முடியாது, எடை போட முடியாது, பல டப்பாக்கள்ல காசோட விளிம்பைக்கூடப் பார்க்க முடியாது. காசைப் பாதுகாக்கறோம்னு சொல்லி, நாம சோதிக்கற வழியையெல்லாம் சேர்த்து சீல் பண்ணிடறாங்க.

நான் மெக்கானிக்கல் தேர்ட் இயர். மெட்ராலஜி கிளாஸ்ல மண்டைக்குள்ள ஏறின ஒரே விஷயம், பொருளை அளக்கறதுக்கு முன்னாடி அளக்கற ஆளையும் கருவியையும் அள. ஒரே ஆள் ஒரே பொருளை ரெண்டு தடவை அளந்தா ஒரே விடை வரணும், அது ரிப்பீட்டபிலிட்டி. வேற வேற ஆள் அளந்தாலும் அதே விடை வரணும், அது ரிப்ரொட்யூசிபிலிட்டி. தங்கத்துல எத்தனை சதவீதம் தங்கம்னு மெஷின் சொல்லிடும். 'இந்தக் கீறல் 64-ஆ 65-ஆ'ன்னு சொல்ல மனுஷக் கண்ணுதான். ஹாஸ்டல்ல சும்மா ஒரு டெஸ்ட் பண்ணோம். பத்து ஒரு ரூபா காசு, மூணு பேர், பத்துக்கு மார்க். ஒரு வாரம் கழிச்சு, வரிசையை மாத்தி அதே காசுகளை மறுபடி கொடுத்தேன். பாதிக்கு மேல மார்க் மாறிடுச்சு. ஒருத்தன் தானே எட்டு போட்ட காசுக்கு அஞ்சு போட்டுட்டு, 'இது வேற காசுடா'ன்னு சண்டைக்கு வந்துட்டான்.

பெரிய கம்பெனிகள்ல பல வருஷம் பழகின ஆளுங்க பார்க்கறாங்க, ஒண்ணுக்கு மேற்பட்டவங்க பார்க்கறாங்க. எங்க ஹாஸ்டலோட ஒப்பிடறது அநியாயம்தான். ஆனாலும் டப்பாவை உடைச்சு அதே காசைத் திரும்பத் திரும்ப அனுப்பி, கூட ஒரு மார்க் வாங்கறதையே தொழிலா வெச்சிருக்கறவங்க அமெரிக்காவுல உண்டு. எடைக்கல்லு மாறாம இருந்தா இந்தத் தொழில் எப்படி ஓடும்? 'ஒரே சீரா, பாரபட்சமில்லாம கிரேடு போடறோம்'ங்கற விளம்பரம் மிகைன்னு, 1990-ல அந்த நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் பி.சி.ஜி.எஸ். மேல நடவடிக்கை எடுத்து, சமரசத்துல முடிஞ்சுது. என்.ஜி.சி.யைத் தொடங்கின ஜான் அல்பனீஸ் என்ன பண்ணார் தெரியுமா? 2007-ல சி.ஏ.சி.ன்னு இன்னொரு கம்பெனி. வேலை? மத்தவங்க ஸ்லாப்பைப் பார்த்து, மார்க் சரியா இருந்தா பச்சை ஸ்டிக்கர் ஒட்டறது. சர்ட்டிஃபிகேட்டுக்கே சர்ட்டிஃபிகேட்!

இது போக, சில்லறைத் தப்புகள். இந்தக் காசுக்கு அந்த லேபிள், தலைகீழா உட்கார்ந்த காசு, டப்பாவுக்குள்ள ஒரு முடி. நம்ம ஊர்க் காசுன்னா ரிஸ்க் இன்னும் ஜாஸ்தி. தர்மபுரி இருக்கற பாரமகால் 1792 வரைக்கும் திப்பு சுல்தான் கையில இருந்துச்சு. அவரோட யானைக் காசு தெரியுமா? 1787 வாக்குல அவர் மௌலூதி ஆண்டுக்கு மாறினப்போ, எண்களை வலமிருந்து இடமா எழுத வெச்சார். 1215-ங்கறது காசுல 5121 மாதிரி நிக்கும். இது தெரியாத கண்ணு என்னத்தை லேபிள் அடிக்கும்? நம்ம சங்கப் புலவர்கள் பேர்லயே 'வண்ணக்கன்'னு வருமே, வடமவண்ணக்கன் தாமோதரனார் மாதிரி. வண்ணக்கன்னா நாணயப் பரிசோதகர். அந்த வேலைக்கு இங்கேயே ஆளுங்க இருந்திருக்காங்க.

'யானைக் காசை அமெரிக்காவுக்கே அனுப்பிப் பார்த்துடலாமே'ன்னு தோணுதா? அனுப்பாதீங்க. 1972-ஆம் வருஷ தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் ஆன காசு தொல்பொருள். தனி ஆள் அதை நாட்டை விட்டு அனுப்பக்கூடாது. 1925-ல அடிச்ச காசுகூட இப்போ இந்தக் கணக்குல வந்துடுச்சு.

ஸ்லாப் வாங்கியே ஆகணும்னா, லேபிள் நம்பரைக் கம்பெனி வெப்சைட்ல அடிங்க. நம்பர் இருக்குன்னு விட்டுடாதீங்க. 2008 வாக்குல இருந்தே போலி டப்பா வருது, அசல் நம்பரையே காப்பி அடிச்சிருப்பாங்க. வெப்சைட்ல போட்டோ இருந்தா, கீறல் கீறலா ஒப்பிட்டுப் பாருங்க. போட்டோவே இல்லாத கம்பெனியா? பணத்தை எண்ணறதுக்கு முன்னாடி வித்தவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. 'அண்ணே, இந்த டப்பாவை உடைச்சு வேற இடத்துல காட்டறேன். போலின்னா பணம் திரும்பத் தருவீங்களா? எழுதிக் கொடுங்க.' அவர் முகத்தை மட்டும் நல்லா கவனிங்க. அதுக்கு லென்ஸ் வேண்டியதில்ல.