பேர் சொல்லிக் கூப்பிடுறது

எங்கட ஜூனியர் பட்ச் வாட்ஸ்அப் குரூப்பில 180 பேர். போன செமஸ்டரில ஒருநாள் இரவு ஒரு தங்கச்சி, "காய்ச்சல் கடுமை, டெங்குவோ தெரியேல்ல, ஆஸ்பத்திரிக்கு ஆராவது கூட வருவீங்களா?" எண்டு போட்டிருக்கிறாள். பார்த்தவர்களின் எண்ணிக்கை கூடினது, பதில் வரேல்லை. பிறகு மூண்டு பேருக்குத் தனித்தனியாக் கோல் எடுத்தாளாம். பத்து நிமிசத்தில ரெண்டு பேர் ஓட்டோவோட வாசலில.

மற்றவர்கள் கல்நெஞ்சக்காரர் எண்டு நாங்கள் நினைக்கேல்லை. 1968இல் டார்லியும் லட்டானேயும் நியூயோர்க்கில் செய்த பரிசோதனையில், இன்டர்கொம்மில் கதைத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு வலிப்பு வருவதுபோலக் கேட்க வைத்தார்கள். தான் மட்டுமே கேட்கிறேன் என்று நம்பியவர்களில் 85 வீதமானோர் வலிப்பு முடியுமுன்னே உதவி தேடினார்கள். இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 வீதம்தான். எழும்பாமல் இருந்தவர்களுக்கும் கை நடுங்கி வியர்த்திருந்தது.

குழுச்சண்டை பற்றிப் படிக்கும்போது எல்லாரும் சொல்வது ஷெரீப்பின் 1954 ஒக்லஹோமா முகாம். 22 சிறுவர்கள், இரண்டு குழு, கொடி எரிப்பு. ஒன்றாகச் சாப்பிட வைத்தபோது சாப்பாட்டாலேயே எறிபட்டார்கள். தண்ணி வராமல் போய், எல்லாரும் சேர்ந்து பிழை தேட வேண்டி வந்த பிறகுதான் மெல்ல இளகினார்கள்.

ஆனால் அதற்கு முந்தின வருசம் அவர் நடத்திய இன்னொரு முகாம் பற்றி ஆரும் பெரிசாக் கதைக்கிறதில்லை. அங்கே சிறுவர்கள் பிரிக்கப்படுமுன் ஒன்றாக இருந்து சிநேகிதமாகிவிட்டார்கள். பிறகு எவ்வளவு மூட்டிவிட்டும் சண்டை பிடிக்கேல்லை. ஷெரீப்புக்கு அது தோல்வி. எங்களுக்கு அதுதான் பெரிய விசயமாப் படுது.

ஏனெண்டால் எங்கட பீடத்தில முதல் நாளே மொழிமூலத்தால பிரிச்சுப்போடுறாங்கள். தமிழ்மூலம் ஒரு மண்டபம், சிங்களமூலம் இன்னொன்று. மூண்டு வருசம் ஒரே கொரிடோரில நடந்தும் பேர் தெரியாது. பிறகு 'நல்லிணக்க நாள்' எண்டு சோத்துப் பார்சல் தருவினம். அவரவர் வட்டத்தில இருந்து சாப்பிட்டிட்டு வருவம். எங்களுக்குச் சிங்களப் பிள்ளையள் பழக்கமானது தொல்லியல் களப்பயணத்தில, ஒரே குழியில ஒருத்தர் டேப் பிடிக்க மற்றவர் அளவு எழுதினபோதுதான்.

புதுமுக ஆங்கில வகுப்பையாவது கலந்து வையுங்கோ எண்டு கடிதம் குடுத்திருக்கிறம். 'பீடத்துக்கு' எண்டு எழுதேல்லை. பொறுப்பான விரிவுரையாளர் ஒருத்தரின்ர பேரைப் போட்டே எழுதினம்.