ஆறில்லாத தலைநகர்

ஆறு இல்லாத ஊருக்கு அழகில்லை என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கிருஷ்ணைக்கும் பீமைக்கும் நடுவில், இரண்டு நதிகளுக்கும் எட்டாத கரிசல் மேட்டில் அமர்ந்து, ஏறத்தாழ 200 ஆண்டுக் காலம் ஒரு ராஜ்யத்துக்குத் தலைநகராக விளங்கிய பீஜப்பூரைப் பார்த்த பிறகு, அந்த நம்பிக்கையைச் சற்றே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2014-ஆம் ஆண்டு முதல் அரசாங்க ஏடுகளில் விஜயபுரம் என்று வழங்கும் இந்நகரைப் பெங்களூரிலிருந்து தன்னந்தனியே காரை ஓட்டிக்கொண்டு, பேச்சுத் துணைகூட இன்றி, 500 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து அடைகிறவனுக்கு, ஊரைப் பற்றிய முதல் பாடத்தை வழியே கற்பித்துவிடுகிறது.

துமகூரின் தென்னந்தோப்புகள் பின்தங்கிப் போனதும் பச்சை மெலிகிறது. சித்திரதுர்க்கத்துக் குன்றுகளில் காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்துக்கொண்டே பம்பாய்ச் சாலையை விட்டு வடக்கே திரும்பினால், அதன் பிறகு தண்ணீரைக் கண்ணாரக் காண்பது ஹொஸபேட்டையில்தான். சென்னை ராஜதானியும் ஹைதராபாத் சமஸ்தானமும் சேர்ந்து தொடங்கி, 1953-இல் நீரைத் தேக்கிய துங்கபத்திரை அணை அங்கே இருக்கிறது. அதன் நிர்மாணத்தில் சென்னைப் பக்கத்துத் தலைமைப் பொறியாளராக உழைத்தவர் திருமலை ஐயங்கார் என்பதை நம்மவர்கள் மறந்துவிடலாகாது. அணையைக் கடந்தபின் மீண்டும் வெட்டவெளி. குஷ்டகியைத் தாண்டிய ஒரு தாபாவில், நாமக்கல் லாரி ஒன்றை ஓட்டி வந்த பெரியவர் என் வண்டியின் பதிவு எண்ணைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

“தனியாவா போறீங்க தம்பி? எவ்வளவு தூரம்?”

“விஜயபுரம் வரைக்கும் போறேங்க அண்ணா.”

“அப்ப குடிக்கத் தண்ணிய இங்கயே புடிச்சுக்குங்க. அங்கிட்டுப் போகப் போகக் காட்டுல கெணறே கண்ணுல படாது.”

அவர் சொற்படியே செய்தேன். பருத்தி உடலோடு பட்டு முந்தானையை இழைக்கு இழை முடிந்து நெய்யும் சேலைகளுக்குப் பேர்போன இல்கல், பிறகு ஹுன்குந்த், பிறகு அகன்று விரிந்த கிருஷ்ணை. அதற்கப்பால் பசவண்ணர் பிறந்த பாகேவாடிக்குப் பிரியும் கிளைச்சாலை. வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழையே பெய்யும் இந்தப் பூமியில், சோளக் கொல்லைகளுக்கு மேலே, பல மைல் தூரத்திலேயே ஒரு மாபெரும் கும்மட்டம் தொடுவானத்தில் எழுந்து நிற்பதைக் கண்டபோது, இத்தனை பெரிய கட்டடத்தைக் கட்டியவர்களும் கட்ட வந்தவர்களும் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்ற கேள்வியே என் மனத்தில் முதலில் எழுந்தது.

மறுநாள் விடிந்ததும், கூட்டம் சேரும் முன்னரே, அந்தக் கும்மட்டத்துக்குச் சென்றேன். பீஜப்பூர் சுல்தான் முகம்மது அடில் ஷாவின் சமாதியான கோல் கும்பஸ் 1656-இல், அவர் மறைந்த ஆண்டில், இன்றுள்ள நிலையோடு நின்றுபோயிற்று. உள்ளே ஒரு தூண்கூட இல்லை. சதுரமான கூடத்தின் நான்கு சுவர்களிலிருந்தும் கிளம்பி ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்லும் எட்டு வளைவுகள், சதுரத்தைச் சிறிது சிறிதாக வட்டமாக்கி, சுமார் 38 மீட்டர் உள்விட்டமுள்ள கும்மட்டத்தை ஏந்தி நிற்கின்றன. கும்மட்டம் வெளிப்புறமாகத் தள்ளும் விசையை, வளைவுகளின்மேல் உட்புறம் தொங்கும் கட்டுமானத்தின் பளு எதிர்த்து நிறுத்திவிடுகிறது. மூலைக் கோபுரத்தின் குறுகிய படிகளில் ஏறி உட்சுற்று மாடத்தை அடைந்து, சுவரோரம் மெல்லிய குரலில் ஒரு வார்த்தை சொன்னால், எதிர்ப்புறத்தில் காதை வைத்திருப்பவருக்கு அது தெளிவாகக் கேட்கிறது. தனியே சென்றிருந்த எனக்குக் காவலாளி ஒருவர் அந்த உபகாரத்தைச் செய்தார். கைதட்டினால் ஒலி ஏழு முறைக்கும் மேலாகத் திரும்புகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து கூச்சலிடத் தொடங்கியதும் இறங்கிவிட்டேன்.

ஆயினும் இந்நகரத்தின் மிகப் பெரிய சாதனை தரைக்குமேல் இல்லை என்பதே என் அபிப்பிராயம். நகருக்கு மதில் எழுப்பிய முதலாம் அலி அடில் ஷாவின் காலத்திலேயே, மேற்கேயுள்ள தோர்வியிலிருந்து பூமிக்கடியில் சுரங்கம் குடைந்து நீர் கொண்டுவரும் ஏற்பாடு தொடங்கிவிட்டது. 1651-இல் முகம்மது அடில் ஷா தெற்கே பேகம் தலாப் என்னும் ஏரியை அமைத்து, அங்கிருந்து குழாய்கள் பதித்தார். தாழ்ந்து ஓடும் குழாய்களில் நீரின் அழுத்தம் மிகுந்து அவை வெடித்துவிடாதிருக்க, ஆங்காங்கே கஞ்ச் எனப்படும் கற்கோபுரங்களை எழுப்பி, நீரை ஏற்றி இறக்கி அதன் வேகத்தைத் தணித்தார்கள். கடைவீதியருகே அத்தகைய கோபுரம் ஒன்றைத் தேடிச் சென்று பார்த்தேன். பக்கத்தில் காய்கறி விற்ற அம்மாளுக்கும் அது இன்னதென்று தெரிந்திருக்கவில்லை.

மக்கா வாயிலுக்கு அருகே, 1620-இல் வெட்டிய தாஜ் பாவடி என்னும் படிக்கிணறு, இருபுறமும் எண்கோணக் கோபுரங்கள் காவல் நிற்க, ஓங்கிய வளைவு ஒன்றின் வழியாக நம்மை நீர்மட்டத்துக்கு அழைத்துச் செல்கிறது. நெடுங்காலம் குப்பை மண்டிக் கிடந்த இக்குளத்தைத் தூர் வாரியிருக்கிறார்கள். அந்த நற்காரியத்துக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. இதை நிர்மாணித்த மாலிக் சந்தலே, மதிலுக்கு வெளியே சற்றுத் தூரத்தில், இரண்டாம் இப்ராஹிமின் சமாதியான இப்ராஹிம் ரௌஸாவையும் எழுப்பியவர். சமாதியும் மசூதியும் ஒரே மேடையில் எதிரெதிராக நிற்க, நடுவே நீர்த்தொட்டியும் ஊற்றும் அமைந்திருக்கின்றன. கல்லைத் துளைத்து எழுத்துக்களையே ஜன்னல்களாக்கியிருக்கிறார்கள். கோல் கும்பஸ் நம்மைத் திகைக்க வைக்கிறது. இதுவோ அருகில் உட்காரச் சொல்கிறது. தம் தம்பூராவுக்கு மோதிகான் என்று பெயர் சூட்டிக் கொண்டாடி, ஸரஸ்வதியையும் கணபதியையும் துதித்துத் தக்கனி மொழியில் கிதாப்-இ-நௌரஸ் இயற்றிய சங்கீத ரசிகரான இப்ராஹிமுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வாய்த்திராது.

55 டன் எடையுள்ள மாலிக்-இ-மைதான் பீரங்கியையும் பார்த்தேன். அதிக நேரம் நிற்கவில்லை. ஆனால் இந்த ஊரின் படைகள் நம் பக்கத்துக்கு வந்ததை நினையாமல் இருக்க முடியவில்லை. என் பிரயாணம் தொடங்கிய பெங்களூரே பீஜப்பூர்த் தளபதி ஷாஹாஜிக்கு ஜாகீராக இருந்த ஊர். 1649-இல் செஞ்சி இவர்கள் வசமாயிற்று. நாயக்க வாரிசுக்குத் துணை நிற்கப் பீஜப்பூர் அனுப்பிய ஷாஹாஜியின் புதல்வர் ஏகோஜி, 1676-இல் தஞ்சையின் சிம்மாசனத்தில் தாமே அமர்ந்தார். அதற்குப் பத்தே ஆண்டுகளில், 1686-இல், பீஜப்பூர் ஔரங்கசீபிடம் வீழ்ந்தது. தஞ்சையில் ஏகோஜி தொடங்கிய மராட்டியர் ஆட்சியோ 1855 வரையில் நீடித்தது.

இவ்வூருக்குச் செல்ல நினைக்கும் அன்பர்கள், கும்மட்டத்தை மறுநாளைக்கு ஒத்திவைத்து, முதலில் தாஜ் பாவடியின் படிகளில் இறங்கிவிட்டு, பிறகு கடைவீதியில் அந்த நீர்க் கோபுரத்தைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கோபுரத்தடியில், இது இன்ன காரியத்துக்காக எழுப்பப்பட்டது என்று கன்னடத்தில் நாலு வரி எழுதி ஒரு பலகை நாட்டினால், அந்தக் காய்கறிக்கார அம்மாளின் பேரப்பிள்ளைகளாவது அதைப் படிப்பார்கள்.